ஒரு ஜாரிதான்

எதிர் வீட்டில் கூரை மாற்றுகிறார்கள். ஜொகூர் பாருவில் எங்கள் தாமான், அதாவது குடியிருப்பு, முழுக்கச் சிமெண்டுச் சுவர்தான். எதிர் வீட்டுக்காரர் மட்டும் அழகுக்காக மாடிச் சுவரில் பலகை அடித்திருந்தார். கார் கொட்டகையின் கூரை அந்தப் பலகையில் முட்டுகிற இடத்தில், நாலைந்து வருஷத்திலேயே மரம் கறுத்து உளுத்துவிட்டது. இன்று காலை அதை இயந்திர வாளால் அறுத்தபோது, ஈரம் ஊறிய மரத்தின் வாசனை தெருவைத் தாண்டி என் காப்பிக்குள் விழுந்தது. எங்கள் வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. நான் மட்டும் ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்து வைத்தேன்.

"பாஸ், எத்தனை மில்லி?" என்று மேலே இருந்தவர் கேட்டார். கீழே இருந்தவர் உள்ளங்கை அளவுக் கருவி ஒன்றைச் சுவரில் காட்டினார். சிவப்புப் புள்ளி விழுந்தது. "இருபத்தஞ்சு" என்றார். பேச்சு அதோடு முடிந்தது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

மரத்துக்குத் தண்ணீர் குடிக்கிற பழக்கம் உண்டு. பலகையின் அடி கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தால், மழை நின்ற பிறகும் அது குடித்துக்கொண்டே இருக்கும். அதனால் கூரை மாற்றும்போது சுவர்ப் பலகையின் அடியைக் கொஞ்சம் அறுத்து, மடித்த தகரத்தை உள்ளே செருகிவிட வேண்டும். என்னவோ பெரிய தச்சனைப்போல அளக்கிறேன் என்று நினைக்காதீர்கள். நான் கூரை வேலை பார்த்தது இரண்டே வருஷம். சிம்பாங் ரெங்கத்தில் தொழிற்சாலை வேலை போன பிறகு, பள்ளிக்கூடத்துச் சிநேகிதன் சேகரோடு சேர்ந்து ஆரம்பித்தது. கூட்டுத் தொழில் என்று பெயர். ஏணியில் நாலாவது படிக்குமேல் எனக்குத் தலை சுற்றும். எனவே ஏறுவது அவன், பேசுவது நான்.

அந்தப் பேச்சில்தான் கோட்டை விட்டேன்.

கோத்தா திங்கியில் ஆற்றை ஒட்டி மக்சிக் ஹமிடாவின் வீடு. மக்சிக் என்றால் மலாயில் அத்தை மாதிரி. ஊரே அவரை அப்படித்தான் கூப்பிட்டது. கணவர் இறந்து தனியாக இருந்தார். செங்குத்தாகப் பலகை அடித்த பழைய வீடு, பின்னால் தணிவான சமையலறை. அந்தச் சமையலறையின் தகரக் கூரையைத்தான் மாற்ற வேண்டும். வேலை தொடங்குமுன் அவர் என்னைப் பின்பக்கம் கூட்டிப்போய், தகரத்துக்குச் சற்று மேலே சுவரைக் காட்டினார். எனக்குப் பச்சைச் சாயம்தான் தெரிந்தது. தலையைச் சாய்த்துப் பார்க்கச் சொன்னார். சாயத்துக்கு அடியில் ஆணியால் கீறிய மூன்று சொற்கள், பலகைக்கு ஒன்றாக: ஆயர், சம்பாய், சினி. தண்ணீர், வந்து சேர்ந்தது, இங்கே. ஒரு வெள்ளத்தின்போது, நீர் வடியுமுன் கணவர் படகில் வந்து கீறியதாம்.

மலாயில்தான் பேசினார். நம் பேச்சில் சொன்னால் இப்படி இருக்கும்: "அவரு கையெழுத்துன்னு வீட்டுல வேற ஒண்ணும் இல்லப்பா. கடுதாசி எல்லாம் அந்தத் தண்ணியிலயே போயிருச்சு. ஒரு விரல் மட்டும் அறுங்க. மேல போயிராதீங்க." ஆள்காட்டி விரலைப் படுக்கவைத்துக் காட்டினார். "சத்து ஜாரி சஹாஜா, யா?" ஒரு விரல் மட்டும், சரியா?

சரி மக்சிக் என்றேன். பலமாகத் தலையாட்டினேன். பிறகு அவர் சந்தைக்குப் போய்விட்டார்.

தகரக் கடைக்காரர் மதியம் கதவைச் சாத்திவிடுவார் என்று எனக்கு அவசரம். மேலே சேகர் பழைய தகரத்தைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். காது கிழிகிற சத்தம். எழுத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. வந்து சொல்லிக்கொள்ளலாம் என்றும் தோன்றியது. வேன் கதவைத் திறந்தபடி கத்தினேன்: "டேய், ஒரு ஜாரிதான்!"

"என்னது?"

"ஒரு ஜாரி! அதுக்கு மேல வேணாம்!"

கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். நானும் காட்டினேன்.

முழுக்க மலாயில் "சத்து ஜாரி" என்றிருந்தால் விரல் என்று புரிந்திருக்கும். முழுக்கத் தமிழில் "ஒரு விரல்" என்றிருந்தாலும் தப்பித்திருப்போம். நான் பாதி அது, பாதி இது. "ஒரு" என்று தமிழில் தொடங்கியதால் அவன் காது தமிழுக்கே காத்திருந்து, ஜாரியை ஜாண் ஆக்கிக்கொண்டது. ஜாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்கள். நாங்கள் ஒரு விரலுக்கு ஜாண் சறுக்கினோம்.

தகரத்தோடு திரும்பியபோது பின்சுவரில் ஜாண் உயரத்துக்கு வெளிச்சம் நுழைந்துகொண்டிருந்தது.

"என்னடா பண்ணி வெச்சிருக்க?"

"நீதானே ஜாண்னு சொன்ன? அடி உளுத்துப்போய்க் கெடந்துச்சு, அதுக்குத்தான் சொல்றியோன்னு நெனச்சேன்." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அலமாக்... என்னாச்சு லா?" என்றான்.

மக்சிக் எனக்கு முன்னாலேயே வந்துவிட்டிருந்தார். சமையலறைப் படியில் உட்கார்ந்து, கீழே விழுந்த துண்டுகளை ஒவ்வொன்றாகச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆயர் கிடைத்தது. சினி கிடைத்தது. நடுவில் இருந்ததைக் காணோம். மூன்று பேரும் மாலைவரை தேடினோம். வாழை மரத்தடி, சாக்கடை, பழைய தகரக் குவியல், எங்கும் இல்லை. சேகர் பின்பக்கம் மரச்சட்டம் கொடுத்து எல்லாத் துண்டுகளையும் திரும்ப ஏற்றினான், அடியில் சரியாக ஒரு விரல் விட்டு. நடுவில் மட்டும் புதுப் பலகை.

மக்சிக் திட்டவில்லை. வாழைக்காய் பொரித்துத் தேத்தண்ணீர் கொடுத்தார். "அவரு எழுத்து கோணலா இருக்கும். படிக்கிறப்பல்லாம் சிரிப்பேன்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

ஒன்றரை மாதம் கழித்து வேன் டயர் பஞ்சரானது. ஜாக்கை எடுக்கிறேன், அடியில் ஒரு பச்சைத் துண்டு. சாய்த்துப் பார்த்தேன். சம்பாய். மண் இளகியிருந்தது என்று சேகர் அதை ஏணிக் காலுக்கு அடியில் கொடுத்திருக்கிறான். சாமான் ஏற்றும்போது அதுவும் ஏறிவிட்டது.

மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்திருக்க வேண்டும். அடுத்த வாரம் போகலாம் என்றேன். எந்த முகத்தோடு போவது என்றேன். தீபாவளி கழியட்டும் என்றேன். நான் போனபோது ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. வீடு இருந்த இடத்தில் நாலு கல் தூண்களும் லாலான் புல்லும்தான். மக்சிக்கை மகள் வந்து அழைத்துப் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டம்மா சொன்னார். எந்த ஊர் என்று அவருக்குத் தெரியவில்லை. "வீட்ட இடிக்கறதுக்கு முன்னால பலகை ரெண்டை மட்டும் கழட்டித் தரச் சொல்லி, மடியிலயே வெச்சிட்டுப் போனாங்க" என்றார்.

இப்போது சேகர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். அவனும் மில்லியில்தான் பேசுகிறான். விரலை நீட்டி அளவு சொல்கிறவர் யாரையும் நான் பார்த்துப் பல வருஷம் ஆயிற்று. எதிர் வீட்டில் புதுத் தகரம் செருகி முடித்துவிட்டார்கள். இந்தத் தெருவில் மர வாசனை இனி வராது.

அந்தத் துண்டு என் அலமாரியில் இருக்கிறது. வந்து சேர்ந்தது என்று அதில் எழுதியிருக்கிறது. நான்தான் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை.