ஏழெட்டு ஐம்பத்திநாலு

வேலையை விட்டதிலிருந்து அவளுக்கு ஓர் இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. காலையில் சமையலறை மேசை, கொஞ்ச நேரம் கட்டில், மதியம் பால்கனி என்று மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு குட்டி போட்ட பூனை மாதிரி அலைவாள். ஒரு பத்தி எழுதுவாள், அழிப்பாள், மின்னஞ்சல் பார்ப்பாள். யாரும் எதுவும் அனுப்பியிருக்க மாட்டார்கள். ஆபீஸில் ஒரு நாற்காலி போதுமாக இருந்தது, இங்கே வீடே பத்தவில்லை என்று கணவன் கிண்டலடிப்பான்.

சும்மா சொல்லக்கூடாது, முந்தைய வேலையில் அவள் பெரிய கை. கம்பெனிகளுக்கு ஆலோசனை சொல்லும் நிறுவனம். காலமெல்லாம் சோப்பு விற்றவனுக்கு, சோப்பு விற்பது எப்படி என்று அறுபது ஸ்லைடில் சொல்லித்தருகிற உத்தியோகம். கூட இருந்தவர்கள் ஸ்லைடு ராணி என்றே கூப்பிட்டார்கள். ராணியாக இருந்து அலுத்துப்போய், ஒருநாள் ராஜினாமாவை எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். இப்போது பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் செயலிகளைப் புதிதாகத் தொடங்கியிருக்கும் கம்பெனிகளுக்கு எழுதித் தருகிறாள். பாடம், விளம்பரம், முதலாளி பெயரில் கட்டுரை, எது கேட்டாலும்.

அந்தக் கட்டுரை சமாச்சாரத்தில்தான் வில்லங்கம். எழுதியது யார் என்று வெளியே மூச்சு விடக்கூடாது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள்.

அப்பாவுக்கு இதெல்லாம் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெரிய கம்பெனிகளுக்கே என் மகள் புத்தி சொல்கிறாள் என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டவர், இப்போது யாராவது விசாரித்தால், வீட்டில் இருக்கிறாள் என்று முடித்துக்கொள்கிறார். தினமும் போன் செய்து, மாத்திரை போட்டாயா என்று கேட்கிற குரலில், வேலை கிடைத்ததா என்று கேட்பார். எழுதுவதுதான் என் வேலை என்று அவளும் சொல்லிப் பார்த்துவிட்டாள். உன் பேர் எங்கே வந்திருக்கிறது, காட்டு என்பார். எதைக் காட்டுவாள், பாவம். நீ செய்வதும் வேலைதான் என்று ஒரே ஒரு தடவை அவர் வாயால் கேட்டுவிட்டால் போதும், இந்த அலைச்சல் அடங்கிவிடும் என்று அவளுக்கு ஒரு நினைப்பு.

போன வாரம், கணக்குச் செயலி நடத்துகிற ஒரு முதலாளி அவசரமாகக் கட்டுரை கேட்டார். சின்ன வயதில் தனக்குக் கணக்கு எப்படிப் பிடித்துப்போனது என்று உருக்கமாக ஏதாவது வேண்டுமாம். உண்மையில் எப்படிப் பிடித்தது என்று கேட்டாள். எங்கே பிடித்தது, டியூஷனில் அடிதான் விழுந்தது என்று அவர் சிரித்தார். அன்றைக்கே வேண்டும் என்றார்.

வீடு முழுக்கச் சுற்றி வந்தாள், ஒன்றும் ஓடவில்லை. கடைசியில் கை தானாக எழுதியது அவளுடைய அப்பாவைப் பற்றி. வாய்ப்பாடு சொல்லித்தரும்போது வேண்டுமென்றே ஏழெட்டு ஐம்பத்திநாலு என்று சொல்லிவிட்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, மகள் கண்டுபிடித்துத் தப்பு தப்பு என்று குதிக்கிற வரைக்கும் காத்திருக்கும் அப்பா. மகளை மகனாக மாற்றினாள், அனுப்பினாள். அனுப்பிய பிறகு, சொந்த வீட்டுச் சாமானைத் தூக்கி யாருக்கோ கொடுத்துவிட்ட மாதிரி நெஞ்சு அடித்துக்கொண்டது.

கட்டுரை ஊரெல்லாம் சுற்றியது. செவ்வாய்க்கிழமை காலையில் அப்பாவின் போனிலிருந்தே அவளுக்கு வந்து சேர்ந்தது. தூக்கிவாரிப் போட்டது அவளுக்கு. பின்னாலேயே அழைப்பும் வந்தது.

படித்தாயா, அந்த ஆள் நன்றாக எழுதியிருக்கிறான் என்று ஆரம்பித்தார். படித்தேன் என்றாள். உட்கார முடியாமல் எழுந்து நடந்தாள். அவன் அப்பாவும் என்னைப் போலவே ஒரு கிறுக்கன் போலிருக்கிறது என்றார். எழுதியது நான்தான் என்று அவளுக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் கொடுத்த வாக்குப் போய்விடும், கையில் இருக்கிற வேலையும் போய்விடும். சொல்லாவிட்டால் பெற்ற அப்பனை இன்னொருவனுக்கு எழுதிக் கொடுத்தவளாகிவிடுவாள். வாயைத் திறப்பதும் மூடுவதுமாகப் பால்கனிக்கு வந்து சேர்ந்தாள்.

அதற்குள் அப்பாவே கேட்டார்.

"ஏழெட்டு எவ்வளவும்மா?"

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அம்பத்திநாலுப்பா."

"தப்பு" என்றார். பிறகு, இன்றைக்கு எழுத ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றாள்.

"அப்ப போனை வை. வேலை நேரத்துல என்ன பேச்சு."