ஜாஸ் கேட்க வந்த ஏலக்காய் வியாபாரிகள்

இன்று சாயங்காலம் போடியில், ஒரு காபிக் கடையின் மாடியில் வாசித்தோம். சாக்ஸபோன், டிரம்ஸ், நான் பாஸ் கிட்டார். போடியில் ஜாஸா என்று மதுரையில் சிரிக்காத ஆள் இல்லை.

முன்வரிசை முழுக்க ஏலக்காய் வியாபாரிகள். கடைக்கார அண்ணன் கூப்பிட்டதால் வந்தவர்கள்.

ஜாஸில் ஒருவர் தனியாக வாசித்து முடித்ததும் கை தட்டுவார்கள். அந்தத் தெம்பில்தான் அடுத்தவர் ஆரம்பிப்பார். இங்கே ஒரு தட்டுக்கூட இல்லை. சிரிப்பில்லை, முகச்சுளிப்பில்லை, எழுந்தும் போகவில்லை. எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது பாட்டில் வியர்வையில் என் விரல் கம்பியில் வழுக்கியது. டிரம்ஸ் வாசிக்கும் செல்வி என் பக்கம் குனிந்து, "வெரசா முடிச்சிட்டுக் கெளம்பிருவோமாடி" என்றாள்.

கடைசியில் அளவாக ஒரு கைதட்டல். நான் ஒயரைச் சுருட்டும்போது முன்வரிசைக்காரர் ஒருவர் வந்தார்.

"நல்லா இருந்துச்சு ஆத்தா. அந்த மூணாவது பாட்டு நெஞ்சுக்குள்ளயே நிக்குது."

எனக்குக் கோபம்தான் வந்தது. "அதை மூஞ்சியில கொஞ்சம் காட்டியிருக்கக் கூடாதாண்ணே? உசுரே போயிருச்சு."

"சரக்கு பிடிச்சிருக்குன்னு மூஞ்சியில காட்டினா வெல ஏறிரும்ல. ஏலத்துல பழகுன மூஞ்சி, பாட்டுக்குன்னு மாறுமா?"

இதையும் அதே முகத்தோடுதான் சொன்னார். பிறகு கேட்டார்: "எங்க வீட்டு விசேசத்துக்கு வாசிக்க வர்றீகளா? என்ன கேப்பீக?"

மூன்று பேரும் பல்லெல்லாம் தெரியச் சிரித்துவிட்டோம்.

அந்தச் சிரிப்பில் எங்கள் விலை எவ்வளவு இறங்கியிருக்கும்? போடிக்காரர்கள் யாராவது மனசாட்சியோடு சொல்லுங்கள்.