தூக்கிய கை

அந்தப் பள்ளியில் அவளுக்குப் பருந்து டீச்சர் என்று பெயர். தேர்வறையின் கடைசி பெஞ்சில் ஒருவன் தும்மினால்கூட, அது தும்மலா சைகையா என்று வாசலில் நின்றபடியே சொல்லிவிடுவாள். பிள்ளைகள் அவளைக் கண்டு நடுங்கினார்கள். அன்றைக்கு நடுங்கியது அவள்.

மகனும் அங்கேதான், மாடி அறையில் பொதுத்தேர்வு எழுதினான். அதனால் மாடிப் பக்கமே தன்னைப் போட வேண்டாம் என்று முன்பே சொல்லிவைத்திருந்தாள். கணக்குத் தேர்வன்று மாடியில் கண்காணித்தவருக்குத் தலைசுற்றல் வந்துவிட்டது. பதற்றத்தில் தலைமையாசிரியர் எதிரே வந்தவளைப் பிடித்து, "டீச்சர், சீக்கிரம் மேல போங்க!" என்றார். "சார், அங்க..." என்று இவள் இழுப்பதற்குள் அவர் போயேவிட்டார்.

போனாள். ஜன்னலோரம் மகன். அப்போதே வராந்தாவில் நின்று ஆளைக் கூப்பிட்டிருக்கலாம். கொஞ்ச நேரம்தானே, அந்தப் பக்கம் திரும்பாமலே இருந்துவிடலாம் என்று நினைத்தாள். பைத்தியக்காரத்தனம்! பார்க்காமல் இருந்தால் அம்மா இல்லை என்று ஆகிவிடுமா?

எதிர்ச் சுவரோரமாகவே நடந்தாள். எல்லாப் பிள்ளைகளும் தன்னையே பார்ப்பதாகத் தோன்றியது. அவன் பேனா கீழே விழுந்த சத்தத்தில் உயிர் போய் உயிர் வந்தது.

அப்புறம் அவன் கையைத் தூக்கினான். அடிஷனல் பேப்பர் வேண்டும். கட்டு அவளிடம்தான் இருந்தது. போய்க் கொடுத்தால்? விடை சொல்லிக்கொடுத்தாள் என்று யாராவது கிளப்பிவிட்டால் அவன் பரீட்சையே செல்லாது. இவள் வேலையும் போகும். கரும்பலகையைப் பார்த்தாள். அவன் கை இறங்கியது. மறுபடி ஏறியது.

அதற்குமேல் தாங்கவில்லை. வாசலுக்கு ஓடி, "யாராவது வாங்களேன்! இந்த ரூம்ல என் பையன் எழுதறான்!" என்று கத்திவிட்டாள்.

தலைமையாசிரியர் மூச்சிரைக்க வந்தார். "வந்ததுமே ஒரு குரல் கொடுத்திருந்தா ஆளை மாத்தியிருப்பேனே டீச்சர்!" வேறொருவர் வந்து அவனுக்குப் பேப்பர் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் மணி அடித்துவிட்டது.

பள்ளி கேட் அருகே மகன் வந்தான். முகம் வாடியிருந்தது.

"கடைசிக் கணக்கு நல்லாத் தெரியும்மா. பாதிதான் போட முடிஞ்சுது. கை தூக்கினேன். பருந்து டீச்சர் கண்ணுல படல போல."

ஆமாண்டா, கவனிக்கல என்று சொல்லிவிட வாய் வரை வந்தது. பரீட்சை அறையில் பயந்ததெல்லாம் இந்தப் பயத்தின் முன்னால் ஒன்றுமே இல்லை.

"பட்டுதுடா," என்றாள். "ரெண்டு தடவையும்."