என் வலது தோளை யாரும் கேட்கவில்லை

என்னை ஸ்பாவுக்கு அழைத்துப் போவது என்று முடிவானதும் வீட்டில் எல்லோரும் பேசினார்கள், என்னைத் தவிர. மகள் சோபாவில் சாய்ந்துகொண்டு செல்போனைப் பார்த்துப் படித்தாள். ஸ்வீடிஷ், பாலினீஸ், தாய்லாந்து மசாஜ், சூடான கல் வைப்பது.

"இதுக்கெல்லாம் பாஸ்போர்ட் வேணுமாடி?" என்றார் அவள் அப்பா.

"தோளுக்கு எது நல்லது?" என்று கேட்டேன்.

"அம்மா, இது ஃபுல் பாடி. தோளும் அதுக்குள்ளதானே இருக்கு?"

இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போன வருஷம் என் வலது தோள் இறுகிப்போனது. ரவிக்கைக் கொக்கி மாட்டக்கூட இன்னொருவர் தயவு வேண்டியிருந்தது. வங்காளத்தில் நாங்கள் குடியிருக்கும் டாக்குரியாவில், எங்கள் தெருவிலேயே இருக்கும் ஃபிசியோதெரபிஸ்ட் சொன்னபடி தினமும் சுவரில் விரலை ஏற்றி ஏற்றி, இப்போதுதான் கை தலைக்கு மேல் போகிறது. "நீங்களே தூக்குங்கள், வேறு யாரும் இழுக்கக் கூடாது" என்று அவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

மகள் தாய்லாந்து மசாஜைத் தேர்ந்தெடுத்தாள். அவள் ஆபீஸ் தோழிகள் அதைத்தான் செய்துகொள்வார்களாம். இடம், நியூ டவுனில் அவள் ஆபீஸுக்குப் பக்கத்திலேயே.

வரவேற்பில் இருந்த பெண் என்னைப் பார்த்துவிட்டு மகளிடம் பெங்காலியில் கேட்டாள்: "ஆன்ட்டிக்கு ஏதாவது ப்ராப்ளம் இருக்கா?"

"இல்ல இல்ல, ஜஸ்ட் ஸ்ட்ரெஸ்" என்றாள் மகள்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். காய்கறிக்காரரிடம் சண்டை போடும் அளவுக்குப் பெங்காலி தெரியும். ஆனால் அந்தக் கண்ணாடிக்கும் வாசனைக்கும் முன்னால் என் பள்ளிக்கூடப் படிப்புக்கு நாக்கு எழவில்லை.

உள்ளே தளர்வான உடுப்பு கொடுத்துத் தரையில் மெத்தை மேல் படுக்கவைத்தார்கள். மசாஜ் செய்த பெண் காலை அழுத்தியபடி, "டீக் ஆச்சே, மாஷிமா?" என்று கேட்டாள், சரியாக இருக்கிறதா அம்மா என்று. "டீக் ஆச்சே" என்றேன். விருந்தில் இன்னும் சாதம் வேண்டுமா என்றால், வயிறு காலியாக இருந்தாலும் போதும் என்று சொல்லி வளர்ந்தவள் நான். பிறகு அவள் என் வலது மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்தாள். விலாவில் பாதத்தை ஊன்றிப் பின்னால் சாய்ந்தாள்.

"விடு!" என்று கத்தினேன். தமிழில்தான் வந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது.

வெளியே வந்தபோது வரவேற்புப் பெண், "தாய்லாந்து மசாஜ்னா இழுக்கத்தான் செய்வாங்க ஆன்ட்டி. முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்றாள்.

"யார்கிட்ட? நீ என்னையா கேட்ட?" என்று பெங்காலியில் கேட்டேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "இழுக்காத மசாஜ் எது? அதையாவது இப்ப சொல்லு."

சூடான கல் வைப்பதில் இழுப்பதே கிடையாது என்றாள். அதையும் மகளைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"அம்மா, ப்ளீஸ், மெதுவா. என் ஆபீஸ் ஆளுங்க வர்ற இடம்."

"வரட்டும். ஸ்ட்ரெஸ்ஸுன்னியே, யாருக்குடி ஸ்ட்ரெஸ்? ஒரு வருஷமா சுவத்துல வெரல வச்சுக்கிட்டு நிக்கிறேனே, வேடிக்கைக்கா நிக்கிறேன்?"

திரும்பும் வழியில் காரில் அவள் செல்போனைப் பார்த்துக்கொண்டே வந்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து கையைத் தூக்கினேன். காதோடு நின்றுவிட்டது.

மறுநாள் ஃபிசியோவிடம் மகளும் கூட வந்தாள். அவர் தோளைத் தொட்டுப் பார்த்தார். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்றார். "யார் இழுத்தது?"

"ஆக்சுவலி என்ன ஆச்சுன்னா..." என்று மகள் தொடங்கினாள்.

"நீ சும்மா இரு" என்றேன். எல்லாவற்றையும் நானே சொன்னேன், செல்போனில் படித்ததிலிருந்து. வெளியே காத்திருந்தவர்கள் திரையை விலக்கி எட்டிப் பார்த்தார்கள். நான் நிறுத்தவில்லை.