கலாவின் பேச்சைக் கேட்ட ஃபேன்

காத்து, கருப்பு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நீங்களும் சிரிக்கலாம், தப்பில்லை. நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

வீடு விளாங்குடியில். மனைவி கலாவதி சௌராஷ்டிரக் குடும்பம், நான் தமிழ் வீடு, காதலித்துக் கட்டிக்கொண்டோம். அம்மா வீட்டாரோடு ஃபோனில் அவர்கள் பாஷை பேசுவாள், என்னிடம் தமிழ்தான். எனக்கு அந்தப் பாஷையில் ஒரு வாக்கியம் சேர்ந்தாற்போல் வராது.

போன சித்திரையில் அவளுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. அதோடு தமிழும் போய்விட்டது. வாயைத் திறந்தால் அவளுடைய வீட்டு மொழி மட்டும்தான். இப்படி ஆவது உண்டு, மெல்லத் திரும்பும் என்றார் டாக்டர். ஃபேன் போடக்கூட இன்னொருவரை எதிர்பார்க்க வேண்டியிருக்கிறதே என்று தினமும் அழுவாள்.

இத்தனைக்கும் சொன்னால் எரிகிற லைட், சொன்னால் சுற்றுகிற ஃபேன் எல்லாம் வீட்டில் முன்பே இருந்தன, நண்பன் செந்தில் ஒரு பெட்டி வைத்து மாட்டிக் கொடுத்தது. ஆனால் அதற்குத் தமிழும் இங்கிலீஷும்தான் புரியும். மொபைல் ஆப்பில் போடலாமென்றால் அவள் விரல் நிற்காது. வேறு என்ன சாஃப்ட்வேர் போடலாம் என்று சமயநல்லூரில் இருக்கும் செந்திலைக் கேட்டேன்.

"மாப்ள, அந்தப் பழைய பொட்டியக் கழட்டிரு. கம்பெனிக்காரனே அதக் கைவிட்டுட்டான். இப்ப நெட்டே இல்லாம வீட்டுக்குள்ளயே ஓடுறது வந்துருக்கு. தங்கச்சி பேசுறத ரெக்கார்ட் பண்ணி, அதையே பழக்கிரலாம். நாளைக்கு வாரேன்."

அன்று மத்தியானமே மெயினை அணைத்து, சுவிட்ச்போர்டுக்குப் பின்னால் இருந்த பெட்டியைக் கழற்றினேன். ஃபேனுக்குப் போகிற வயர் எதிலும் சேராமல் தொங்கியது, நுனியில் டேப் சுற்றிவிட்டு மெயினைப் போட்டேன். கட்டிலில் கிடந்த கலா அவள் பாஷையில் என்னவோ சொன்னாள்.

ஃபேன் சுற்றியது.

பெட்டி என் கையில் இருக்கிறது. வயர் கண்ணெதிரே தொங்குகிறது. பயம் என்று சொல்ல மாட்டேன், காது அடைத்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான். கலா பல நாளைக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கிப்போனாள். அதைக் கெடுக்க மனம் வராமல் நான் வெளியே போய் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டேன். சாயங்காலம் உள்ளிருந்து அவள் குரல் கேட்டது, எட்டிப் பார்த்தேன், ஃபேன் நின்றிருந்தது.

மறுநாள் செந்தில் வந்து, டேப்பைப் பிரித்து, டெஸ்டரை வைத்துப் பார்த்தான். "லைனே இல்லையே மாப்ள" என்று அவன் சொல்லி முடிக்கவில்லை, கலா அதே சொல்லைச் சொன்னாள், தலைக்கு மேல் ஃபேன் ஓடியது. ஸ்டூலிலிருந்து மெதுவாக இறங்கினான்.

"எப்பிடிடா ஓடுது?"

"எனக்கு மட்டும் என்ன தெரியும்?"

செந்தில் கட்டில் பக்கம் திரும்பி அவளைப் பார்த்தான். "தங்கச்சி மொகம் தெளிவா இருக்குல்ல? விடு" என்றவன், அவள் ஃபேனை நிறுத்தச் சொல்லும்வரை காத்திருந்து புதுப் பெட்டியை மாட்டி, வயரைச் சேர்த்து, அவள் குரலைப் பதிவு செய்து கொடுத்துவிட்டுப் போனான். அதற்கப்புறம் எல்லாம் சாதாரணம்தான், சில சமயம் இரண்டு தடவை சொன்னால்தான் கேட்கும்.

தீபாவளி நெருங்கும்போது கலாவுக்குத் தமிழ் திரும்பியது. ஒருநாள் காபி குடித்துக்கொண்டே, பெட்டியைக் கழற்றிய அந்த ரெண்டு நாளும் ஃபேன் யார் போட்டது என்று நினைத்தாய் என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டேன்.

"நீங்கதான. நான் சொல்லச் சொல்ல, இந்தா போடுறேன் போடுறேன்னு பக்கத்துல நின்னு சொல்லிக்கிட்டே இருந்தீங்களே."

டம்ளரைக் கீழே வைத்தேன். அவளே தொடர்ந்தாள்.

"அம்புட்டு அழகா எங்க பாஷை பேசுனீங்க. இப்ப ஏங்க பேச மாட்டேங்குறீங்க?"