பொம்மரும் பொம்மையும்

இங்கிலாந்தில் என் மகள் என்ன வேலை செய்கிறாள் என்று எங்கள் ஊர் அம்பிட்டியவில் யாராவது கேட்டால், இன்ஜினியர் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டிவிடுவேன். எனக்கே அதற்கு மேல் தெரியாது. இங்கிலாந்தும் இத்தாலியும் ஜப்பானும் சேர்ந்து ஒரு புதுச் சண்டை விமானம் செய்கின்றன. ரேடாரின் கண்ணுக்கே அகப்படாத விமானமாம். அதில் இவளுக்கு என்ன பங்கு என்று கேட்டால், "பிளேனோட மேல்தோல்ல ஒரு சின்ன வேலைப்பா, அதுக்கு மேல கேக்காதீங்க" என்பாள். குசினிக் குழாய் ஒழுகுவதைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறவள், வேலை என்றதும் வாய்க்குப் பூட்டுப் போட்டுவிடுவாள். நான் காலமெல்லாம் கிளார்க்காக இருந்தவன். இரண்டு அலுவலகங்கள் சேர்ந்து ஒரு வடிகால் வெட்டுவதற்குள் மழைக்காலமே முடிந்துவிடும். மூன்று நாட்டுக்காரர்கள் சேர்ந்து விமானத்தைப் பறக்கவிடப் போகிறார்களாக்கும் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன்.

ஒரு முறை படம் அனுப்பினாள். கண்காட்சியில் எல்லோருக்கும் காட்டியதுதான், ரகசியம் இல்லை என்றாள். சாம்பல் நிறத்தில், அகலமான இறக்கையோடு, வாலே இல்லாத மாதிரி இருந்தது. "இது வெறும் பொம்மைப்பா. உள்ளுக்கு ஒண்ணுமே இல்ல. நெசமானது வர இன்னும் பல வருஷம் ஆகும்." அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் பொம்மை. என் மனைவி போனில் மகளை விசாரித்த கையோடு பொம்மையையும் விசாரிப்பாள்.

அவளுக்கு அங்கே ஒரு பையனைப் பிடித்திருந்தது. யாழ்ப்பாணத்துப் பிள்ளை, ஆஸ்பத்திரியில் வேலை. நாங்கள் தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்த குடும்பம். அவர்கள் எங்களை மதிப்பார்களா என்று எனக்குப் பயம். தகப்பன் இல்லாத பையன், அம்மா சம்மதித்தால்தான் கலியாணம் என்று சொல்லியிருந்தான். அந்த அம்மா கட்டுகஸ்தோட்டையில் இருக்கும் தன் தம்பி வீட்டுக்கு வந்தபோது, ஒரு பின்னேரம் எங்களையும் பார்க்க வந்தார். மகளின் வாழ்க்கை அவர் சொல்லப்போகும் ஒரு வார்த்தையில் இருந்தது.

நல்ல மனுஷி. கதிரையில் சாய்ந்து உட்கார்ந்து, என் மனைவி செய்த முறுக்கை இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கினார். "பிள்ளையின்ர படம் பாத்தனான். நல்ல வடிவு" என்றார். எந்தத் தோட்டம் என்று கேட்டதில்கூடக் குத்தல் இல்லை. பயம் போனதும் எனக்கு வாய் நீண்டுவிட்டது.

"எங்க மக செய்றது சாதாரண வேல இல்லீங்க. மூணு நாடு சேந்து புதுசா ஒரு சண்டை பிளேன் செய்றாங்க, அதுல இருக்கா."

அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு மெதுவாக ஏதோ கேட்டார். அந்த நேரம் பார்த்து ஒரு பஸ் மேட்டில் முக்கிக்கொண்டு ஏறியது. "பொம்மையோ?" என்றுதான் என் காதில் விழுந்தது. மகள் இவர்களுக்கும் சொல்லியிருக்கிறாளே என்று சந்தோஷம் வேறு.

"ஆமாங்க, அதேதான்!" என்று சிரித்தேன். "வீட்டுல நாங்களும் செல்லமா அப்புடித்தான் சொல்றது. இப்ப சும்மா நிக்குது. பறக்க ஆரம்பிச்சா, வர்றதே யாருக்கும் தெரியாதாம்."

என் மனைவியும் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

"வாறது தெரியாதோ?" என்றார். "எங்களுக்குச் சத்தமெண்டாலும் கேட்டது, அண்ணை. பொம்மர் வருது எண்டு கத்திக்கொண்டு பங்கருக்குள்ள ஓடுவம். அப்பிடியிருந்தும் என்ர மூத்தவனுக்கு ஓட நேரம் கிடைக்கேல்லை."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் கேட்டது பொம்மர். குண்டு போடுகிற விமானத்துக்கு அவர்கள் ஊரில் அதுதான் பெயர். நாங்களும் தமிழ்தான் பேசுகிறோம். எங்கள் மலையில் எந்த விமானமும் குண்டு போட்டதில்லை, எங்களுக்கு அந்தச் சொல் தேவைப்படவும் இல்லை.

நான் உளறினேன். காதில் பிழையாக விழுந்துவிட்டது என்றேன், அவள் மேல்தோலில் மட்டும்தான் வேலை செய்கிறாள் என்றேன். சொல்லச் சொல்ல அது இன்னும் மோசமாகிக்கொண்டே போனது. அவர் கோபப்பட்டிருந்தால் காலில் விழுந்தாவது கெஞ்சியிருப்பேன். அவரோ என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளையில ஒரு பிழையும் இல்லை. எனக்குத்தான் ஏலாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலை மகள் அழைத்தாள். தன் அம்மாவுக்கு மனம் வரவில்லை என்று மட்டும் பையன் சொன்னானாம், காரணம் சொல்லவில்லையாம். நான் நடந்ததைச் சொல்லாமல், "அந்த பிளேன் எங்க போய்க் குண்டு போடும்னாவது உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் எங்ககிட்ட யாரும் சொல்ல மாட்டாங்கப்பா."

வேலையை விட்டுவிடு என்று சொல்ல நினைத்தேன். அவள் இராப்பகலாகப் படித்தது அதற்குத்தான். பையனை மறந்துவிடு என்று சொல்லவும் நா எழவில்லை. கடைசியில் அந்த அம்மா சொன்னதை அப்படியே சொன்னேன், மூத்தவனைப் பற்றியும்.

 "அப்பா, அவருக்கு அண்ணன் இருந்தாரா? எங்கிட்ட அவர் சொன்னதே இல்லையே" என்றாள்.

நான் போனை மனைவியின் கையில் கொடுத்துவிட்டேன்.