தண்ணீர் வற்றிய கடலில் சந்தியாகு சார்

தங்கையா அன்றைக்கு முன் என் வீட்டுக்கு வந்ததில்லை. வடசேரியில் வாழைக்குலை மண்டி வைத்திருக்கும் அவர், காலை வேளையில் மண்டியை விட்டு நகரமாட்டார். அந்த மனிதர் இடது காலை இழுத்து இழுத்து எங்கள் தெருவில் வந்தார். வாசலோடு நின்றுவிட்டார். ஏறி வரவில்லை.

"சாரே, நம்ம சந்தியாகு சாரு போயிட்டாரு" என்றார். "நெய்யூர்ல இருந்து ஆளு வந்து சொன்னான். விடியதுக்கு முன்னயாம்."

முந்தின நாள் மாலையில்தான் நெய்யூர் ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். சட்டையை மாட்டிக்கொண்டு தங்கையாவோடு நடந்தேன்.

எங்கள் உயர்நிலைப் பள்ளியில் பூகோளம் படித்த உங்கள் எல்லோருக்கும் சந்தியாகு சாரைத் தெரியும். அவரைப் பற்றிச் சொல்லிச் சிரிக்க ஆளுக்கொரு கதை வைத்திருப்பீர்கள். இடி இடித்தால் கரும்பலகைப் பக்கம் நிற்கமாட்டார். கிணற்றுச் சுவரில் சாயமாட்டார். நாய் படுத்திருக்கும் தெருவை விட்டு அடுத்த தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு வருவார். நீங்கள் அவருக்கு 'பயந்தாங்குளி சாரு' என்று பெயர் வைத்திருந்ததும் அவருக்குத் தெரியும். "உள்ளதத்தானே சொல்லுதானுவ" என்பார். அதற்காக உங்கள்மேல் கோபப்பட்டதே இல்லை. அதே பள்ளியில் சித்திர ஆசிரியனான நான் அவரோடு போன ஒரு பயணத்தை மட்டும் இங்கே சொல்கிறேன். அது உங்களில் பலருக்குத் தெரியாது. அவரும் சொல்லியிருக்கமாட்டார்.

அவர் மணக்குடிக் கடற்கரையில் பிறந்தவர். சிறு வயதில் ஒரு நாள் அப்பாவும் அண்ணனும் ஏறிப்போன கட்டுமரம் திரும்பவில்லை. அதன் பிறகு அம்மா அவரைக் கரையில் கால் நனைக்கவும் விடவில்லை. மாதா கோயில் சாமியாரிடம் சொல்லிப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார். கடலைப் பார்த்தால் அவருக்குக் கை நடுங்கும். ஆனால் வகுப்பில் கடலைப் பற்றித்தான் பாடம் எடுப்பார். திருச்சிக்கு அந்தப் பக்கம் ஒரு காலத்தில் கடல் கிடந்தது, கரையில் யானையைவிடப் பெரிய டைனோசர்கள் திரிந்தன, சிப்பியும் எலும்பும் கல்லாகி இன்றும் கிடக்கின்றன என்பார். ஒரு நாள் ஒரு மாணவன், "சாரு பாத்திருக்கீயளா?" என்று கேட்டுவிட்டான். திருநெல்வேலிக்கு அப்பால் போகாத மனிதர் அவர். அன்று மத்தியானம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்காமலே என்னிடம் வந்தார்.

"வே, அங்க போவணும்" என்றார். "வெள்ளம் வத்திப்போன கடலுல்லா அது? அதுல நான் இறங்குவேன்."

வெள்ளம் என்று எங்கள் பக்கத்தில் தண்ணீரைத்தான் சொல்வோம்.

போன வருடம் கோடை விடுமுறையில் புறப்பட்டோம். தங்கையாவிடம் ஒரு பழைய கார் இருந்தது. ஓட்டத் தெரிந்தவரும் அவர்தான். எலும்பிலும் கல்லிலும் அவருக்கு அக்கறை கிடையாது. கார் எவ்வளவு தூரம் ஓடும் என்று பார்க்க ஆசை. எனக்கு, மதுரைக்கு அப்பால் ஒரு குன்றில் பழங்காலத்து மனிதர் எழுதிய சித்திரங்கள் இருப்பதாகக் கேள்விப்பட்டு, அவற்றைப் பிரதி எடுக்க ஆசை. எல்லையில், ஆரல்வாய்மொழிச் சுங்கச் சவுக்கையில் எங்களை நிறுத்தினார்கள். அடுத்த மாதம் நம் தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தபின் அந்தச் சோதனை இருக்காது என்கிறார்கள், அன்று இருந்தது. சந்தியாகு சாரின் டிரங்குப் பெட்டியைத் திறந்த சேவகர் திகைத்துப் போனார். நாலைந்து ஆள் நீளத்துக்குத் தேங்காய்நார்க் கயிறு, அயோடின் குப்பி, காயத்துக்குக் கட்டுத் துணி, மெழுகுவத்தி, கம்பளி.

"கிணறு வெட்டவா போறிய?" என்று கேட்டார்.

"ஒண்ணும் நடக்காதுண்ணு எழுதிக் குடும், இதெல்லாத்தையும் இங்கயே வச்சிட்டுப் போறேன்" என்றார் சந்தியாகு சார். சேவகர் சிரித்துவிட்டார்.

வழியெல்லாம் அவர் பயந்துகொண்டே வந்தார். பாலம் வந்தால் பயம், லாரி வந்தால் பயம், டயர் சூடாகிவிட்டதோ என்று பயம். மதுரை தாண்டிக் குன்றடிக்குப் போய்ச் சேர்ந்தபோது, குகை வாயிலுக்கு மேலே மலைத்தேனீ அடை தொங்கிக்கொண்டிருந்தது. தன் உதட்டில் விரலை வைத்து எங்களை அடக்கினார். கம்பளியைத் தயாராகப் பிடித்துக்கொண்டு, நான் வரைந்து முடிக்கும்வரை என் முதுகுக்குப் பின்னால் நின்றார். பாறையில் செங்காவியால் எழுதிய ஆட்கள் வரிசையாகக் கைகோத்து நின்றார்கள். "ஆடுகிறார்கள்" என்றேன். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"ஆடுதவன் காலைத் தூக்குவாம்லா?" என்று காதோடு சொன்னார். "இவனுவ ஆத்தைக் கடக்கானுவ, வே. கையை விட்டா ஒருத்தன் போயிருவான்."

மறுநாள் திருச்சியைக் கடந்து பெரம்பலூர்ப் பக்கம் அந்தப் பழைய கடல் கிடந்த இடத்துக்கு வந்தோம். வயலும் தென்னையும் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அது நாம் வாழும் பூமியாகவே தெரியவில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு மரமில்லை. வெளிறிய மஞ்சளும் சிவப்புமாகக் களிமண் மேடுகள். அவற்றை அறுத்துக்கொண்டு ஆள் உயரமும் அதற்கு மேலும் ஆழமான ஓடைகள். உள்ளே இறங்கினால் தலைக்கு மேல் வானம் ஒரு கீற்றாகத்தான் தெரியும். எல்லாத் திருப்பமும் ஒன்றுபோல இருந்தது. காலடியில் சிப்பிகள் நொறுங்கின. சந்தியாகு சார் மண்டியிட்டு ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"எங்க கரையில கெடக்குத சிப்பிதான் இது" என்றார். அவர் கை நடுங்கவில்லை. அன்று காலை முழுவதும் அந்தக் கடலுக்குள் ஒரு சிறுவனைப்போல அலைந்தார். அப்படி அவரை நான் பார்த்ததில்லை.

மத்தியானத்துக்குப் பிறகு மேற்கே வானம் கறுத்தது. எங்கள் தலைக்கு மேல் வெயில்தான். ஆனாலும் அவர் போகலாம் என்றார். தங்கையாவுக்கு அதற்குள் அந்தக் கற்களின்மேல் பித்துப் பிடித்திருந்தது. நத்தைபோலச் சுருண்ட கல் ஒன்று அவருக்குக் கிடைத்திருந்தது. அதற்கு ஜோடி வேண்டுமாம்.

"சாரே, காலையில தேளுண்ணு சொன்னீரு, பொறவு பாம்புண்ணு சொன்னீரு, இப்ப மழையா?" என்று சிரித்தபடி திருப்பத்தில் மறைந்தார். நான் சந்தியாகு சாரோடு மேட்டில் ஏறிவிட்டேன்.

மழை எங்கள்மேல் பெய்யவே இல்லை. எங்கேயோ பெய்த மழை ஓடைவழி வந்தது. முதலில் ஓர் இரைச்சல். பிறகு செக்கச்செவேல் என்று தண்ணீர். பிறகு கரை இடிந்து விழும் ஓசை, கூடவே தங்கையாவின் அலறல். ஓடி விளிம்பில் நின்று பார்த்தோம். இடிந்த மண்ணுக்கடியில் தொடைவரை ஒரு கால் மாட்டிக்கொள்ள, சுவரோடு சாய்ந்து கிடந்தார். தண்ணீர் அவர் இடுப்பைச் சுற்றி ஏறிக்கொண்டிருந்தது. சந்தியாகு சார் காருக்கு ஓடிக் கயிற்றோடு வந்தார். ஒரு முனையைத் தன் இடுப்பில் கட்டினார். விரல்கள் நடுங்கியதால் முடிச்சு இரண்டு முறை நழுவியது. மறுமுனையை என்னிடம் தந்தார்.

"இடுப்புல கட்டிக்கிட்டு இரியும். கையில சுத்தாதேயும், அறுத்துரும்."

இறங்கினார். இறங்கும்போது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனார்: "எனக்குப் பயமாருக்கு. மாதாவே, எனக்குப் பயமாருக்கு." ஒவ்வொரு அடிக்கும் சொன்னார். ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அடி வைத்தார்.

"சாரே, நான் செத்துருவேன்" என்று கதறினார் தங்கையா.

வேறு யாராக இருந்தாலும் பயப்படாதே என்றுதான் சொல்லியிருப்பார்கள். சந்தியாகு சார், "எனக்கும் அப்படித்தான் தோணுது, கையைத் தாரும்" என்றார். பிறகு தண்ணீருக்குள் குனிந்து, வெறுங்கையால் களிமண்ணைப் பிய்த்துப் பிய்த்து எறிந்தார். தண்ணீர் அவர் மார்புக்கு வந்துவிட்டது. நான் மேலே காலை ஊன்றிக்கொண்டு அழுதேன், இழுத்தேன். ஒரு கட்டத்தில் கயிறு சட்டென்று இலகுவாகிவிட, இருவரையும் தண்ணீர் கொண்டுபோய்விட்டது என்றே நினைத்தேன். இல்லை. காலை விடுவித்து, தங்கையாவைத் தோளில் சாத்திக்கொண்டு என் பக்கமாக வந்துகொண்டிருந்தார். வாய் மட்டும் ஓயவில்லை. "பயமாருக்குவே, இழும்."

தங்கையாவின் கால் முழங்காலுக்குக் கீழே நொறுங்கியிருந்தது. மேய்ச்சலுக்கு வந்தவர்கள் ஓடிவந்து மாட்டுவண்டியில் ஏற்றிப் பெரிய ரோட்டுக்குக் கொண்டுவந்தார்கள். சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று எங்களைத் திருச்சியில் சேர்த்தது. காலை எடுக்கவேண்டி வரலாம் என்றார் டாக்டர். அடுத்த சில நாட்கள் டாக்டரின் செருப்புச் சத்தம் கேட்டாலே நாங்கள் எழுந்து நின்றுவிடுவோம். சந்தியாகு சார் மணிக்கொருதரம் தங்கையாவின் கால்விரலைத் தொட்டு, "தெரியுதா? இப்ப தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

தங்கையாவின் மனைவி பொன்னம்மாவுக்குத் தகவல் சொல்ல வேண்டியிருந்தது. லேசான காயம் என்று எழுதிவிடலாம், பாவம், பயந்துவிடுவார் என்றேன். அன்றுதான் சந்தியாகு சார் என்மேல் கோபப்பட்டு நான் பார்த்தது.

"புருசனுக்கக் கால் போவப்போவுது. அவ பயப்படாண்டாமா? எங்க அம்மைக்கிட்ட 'வந்துருவாங்க, வந்துருவாங்க'ண்ணு ஊரே சொல்லிச்சு. எத்தனை நாளு கரையில நிண்ணா தெரியுமா? உள்ளதைச் சொல்லும். கூட நாம இருக்கோம்ணும் சொல்லும்."

உள்ளதை எழுதினோம். பொன்னம்மா வந்தார். வந்ததும் எங்கள் இருவரையும் நன்றாகத் திட்டினார். பிறகு கணவரின் கால்மாட்டில் உட்கார்ந்தார். கால் தப்பியது. கொஞ்சம் குட்டையாகிப் போனது, அவ்வளவுதான்.

டைனோசர் எலும்பைப் பார்க்காமல் திரும்பிவிடலாம் என்றுதான் இருந்தோம். தங்கையா விடவில்லை. "நான் காலை ஒடிச்சது சும்மாவா? போய்ப் பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லணும்" என்றார். இரண்டு பேரும் பஸ்ஸில் அரியலூர்ப் பக்கம் போனோம். சுண்ணாம்புக்கல் வெட்டும் வெள்ளைப் பள்ளம் ஒன்றின் ஓரத்தில், களிமண்ணுக்குள்ளிருந்து ஓர் எலும்பின் முனை நீட்டிக்கொண்டிருந்தது. ராட்சசன் எலும்பு என்றார்கள் அங்கே வேலை செய்தவர்கள். ஆட்டுக்கல் அளவு பருமன் இருக்கும். சந்தியாகு சார் செருப்பைக் கழற்றிவிட்டு அதைத் தொட்டார். வெகுநேரம் கையை எடுக்கவில்லை. வகுப்பில் சொல்வதுபோல ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன்.

"இவ்வளவு பெரிய உடம்பு" என்றார். "இடி இடிச்சா இது எங்க போய் ஒளிஞ்சிருக்கும்?"

ஊர் திரும்பிய பிறகு அவர் வீரராக மாறிவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். நாய் படுத்திருக்கும் தெருவைச் சுற்றிக்கொண்டுதான் வந்தார். இடிக்குப் பயந்தார். மணக்குடிக் கரைக்கு வாரும் என்று ஒருமுறை அழைத்துப் பார்த்தேன், வரவில்லை. ஆனால் பள்ளி திறந்த அன்று, முன்பு கேள்வி கேட்ட மாணவனைக் கூப்பிட்டு, "பாத்துட்டேன் மக்கா" என்று சொல்லி, சட்டைப்பையிலிருந்து ஒரு கல்சிப்பியை எடுத்து அவன் கையில் வைத்தார்.

இந்த வருடம் மழைக்காலம் தொடங்கியபோது வயிற்றுவலி என்று படுத்தார். நெய்யூருக்குக் கொண்டுபோனார்கள். ஆபரேஷன் செய்ய வேண்டும், ஆனால் உடம்பு தாங்குமா என்று யோசிக்கிறோம் என்றார்கள். பிறகு ஒரு நாள் குறித்தார்கள். அதற்கு முந்தின மாலையில்தான் நான் போயிருந்தேன். கட்டிலில் பாதி உடம்பாகக் கிடந்தார். "பயமாருக்குவே" என்றார். கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். வெளியே மழை விட்டு விட்டுப் பெய்தது. இருட்டுவதற்குள் நான் புறப்பட வேண்டியிருந்தது. கதவுவரை போனவனைக் கூப்பிட்டார்.

"ரோடு நனைஞ்சு கெடக்கு. பஸ்ஸுல முன்னால உக்காராதேயும். வேகமா போனான்னா சொல்லும், வெக்கப்படாதேயும்."

சரி என்றேன். அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது.

என்னைப் பெற்றவள் இறந்து வெகுகாலம் ஆகிறது. அதற்குப் பிறகு, நான் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தேனா என்று நினைத்துக்கொண்டு படுத்திருந்த மனிதர் அவர் ஒருவர்தான். விடிந்தால் தன் வயிற்றை அறுக்கப் போகிறார்கள் என்ற பயத்துக்கு நடுவிலும் எனக்காகக் கொஞ்சம் பயந்தார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தப் பயத்தைத்தான்.